பழசைக் கொண்டாங்க

என் டைரியில் அந்த அம்மாளுக்குப் பெயர் கிடையாது. 'பி.க.' என்றுதான் எழுதியிருக்கிறேன். பிரஷ் கடை என்பதன் சுருக்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஐந்தாறு தடவையாவது தேனி பஜாரில் அவர் கடை முன்னால் நின்றேன். பெயரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா என்பதும் சந்தேகம்தான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

பத்தடிக்கு ஆறடிக் கடை. பிரஷ்ஷைத் தவிர ஒரு சாமான் கிடையாது. பெயின்ட் பிரஷ், வெள்ளையடிக்கிற மட்டை, ஷூ பிரஷ், பாட்டில் கழுவுகிற பிரஷ், தலைக்குச் சாயம் பூசுகிற பிரஷ், பல் பிரஷ். சுவரில் ஒரு பைபிள் வசனக் காலண்டர். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்துக்கு ஒன்றிரண்டு கூடக் குறைய. கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் ஏறியிருக்கும். இடது மணிக்கட்டில் ஐந்தாறு ரப்பர் பேண்டு. யார் வந்து எது கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை ஒன்றுதான்.

"பழசைக் கொண்டாங்க."

எனக்கு அது முதல் நாளே எரிச்சலைத் தந்தது. ஒன்பது வருடம் கழித்து எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. மேல் வரிசையில் கோரைப்பல் இரண்டும் வெளியே தள்ளியிருந்ததால் தேனியில் ஒரு டாக்டரிடம் கிளிப்பு போட்டோம். நாங்கள் உத்தமபாளையம். நான்கு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போய்க் கம்பியை இறுக்கிக்கொண்டு வர வேண்டும். கம்பியைச் சுற்றி அழுக்குத் தங்கினால் பல்லில் வெள்ளைப் புள்ளி விழும், விழுந்தால் முழுதாகப் போகாது என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்தார்.

"பிரஷ் பாத்து வாங்குங்க சார். சாஃப்ட்டா, தலை சின்னதா இருக்கணும்."

"எது நல்லது டாக்டர்?"

"மாடிய விட்டு இறங்குனா கடை இருக்கு, கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் நில அளவைப் பிரிவில் வரைவாளர். எந்தப் பொருளை வாங்கினாலும் எது, எவ்வளவு, ஏன் என்று தெரிந்தாக வேண்டும். அதே கேள்வியோடு இறங்கிப் போனேன்.

"கிளிப்பு போட்ட பிள்ளைக்கு நல்ல பிரஷ் வேணும்."

"பழசு எங்க?"

"எது?"

"இப்பத் தேய்க்கிற பிரஷ்ஷு."

"அது வீட்டுல இருக்கு. உத்தமபாளையத்துல."

"அடுத்த தடவ வரையில கொண்டாங்க."

தேய்த்த பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு பஜாரில் வந்து நீட்டுவதா? மகள் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அவளுக்கு வெட்கம். நான் நகரவில்லை. கடையில் பல் பிரஷ் மட்டும் இருபது தினுசு தொங்குகிறது, அதில் எது சிறந்தது என்று சொல்ல என்ன தடை?

அப்போது குச்சனூர் பெயின்டர் ஒருவர் பழைய நான்கு இன்ச் பிரஷ் ஒன்றை நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

"எதுல அடிச்ச?"

"கதவுக்குத்தான்க்கா."

"கதவுக்கு அடிச்சா ஒரு பக்கமாச் சாயும். இது நாலு பக்கமும் பூத்துக் கெடக்கு. காரைச் செவுத்துல போட்டு இழுத்துருக்க."

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காரரு காம்பவுண்டையும் சேத்து அடிச்சிரச் சொன்னாகக்கா."

"அதச் சொல்லு மொதல்ல."

செவுத்துக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று இரண்டு பிரஷ்ஷை எடுத்துப் போட்டார். பெயின்டர் போனதும் என்னைப் பார்த்தார். நான் போகிறவன் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் எதையும் காட்டாமல் பின்னால் திரும்பி ஒரு பல் பிரஷ்ஷை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"இத வச்சுத் தேயி ஆத்தா. தேஞ்சதும் தூக்கிப் போட்டுராத. கொண்டா."

வீட்டுக்கு வந்து அட்டையைப் பிரித்தேன். நடு வரிசை நார் குட்டையாக இருந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். இரண்டு ஓர வரிசையும் பதினொரு மில்லிமீட்டர், நடுவில் எட்டு. வெட்டும்போது பிசகிய கழிவுச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தேனிக்குப் போனேன்.

"நடு வரிசை மூணு மில்லிமீட்டர் குட்டையா இருக்கு."

"அளந்தீகளா?"

"அளந்தேன்."

"எதுல?"

"ஸ்கேல்ல."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

"சார், வயலுக்கு நடுவுல வாய்க்கா ஓடுதுன்னு வயலத் திருப்பிக் குடுப்பீகளா? கம்பி ஓடுறதுக்குத்தான் அந்தப் பள்ளம். ஓரத்து நாரு கம்பிக்கு மேலயும் கீழயும் பல்லத் தொடும்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எது நல்ல பிரஷ்ஷுன்னுதான கேட்டீக. பள்ளம் எதுக்குன்னு கேக்கலையே."

அன்றைய பக்கத்தில் 'பி.க. — திமிர்' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அந்தப் பிரஷ் இருபதாம் நாளில் பூத்துவிட்டது. நார் நாலா பக்கமும் விரிந்து நின்றது. எங்கள் பக்கம் செருப்பு, குடை எது வாங்கினாலும் முதலில் கேட்பது 'நல்லா உழைக்குமா' என்பதைத்தான். இருபது நாள் உழைக்காததை என்ன பிரஷ் என்று சொல்வது? குப்பையில் போட்டேன். கொண்டு வரச் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போட்டேன்.

அடுத்து வேறு தினுசு ஒன்றை உத்தமபாளையத்திலேயே வாங்கினேன். காலையில் நான்கு நிமிடம், இரவில் நான்கு நிமிடம் என்று ஏற்பாடு செய்தேன். குளியலறைக்கு வெளியே கைக்கடிகாரத்தோடு நிற்பேன். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கும். நான்கு நிமிடம் ஆனதும் கதவைத் தட்டுவேன். பேஸ்ட் எவ்வளவு குறைகிறது என்பதும் டைரியில் உண்டு.

அப்படியும் இரண்டாம் மாத முடிவில் ஈறு சிவந்திருந்தது. சரியாகத் தேய்க்கவில்லை என்றார் டாக்டர். நான் டைரியை எடுத்துக் காட்டினேன். ஒரு வேளைகூட விடுபடவில்லை. டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார்.

"இவ்வளவு கரெக்டா தேய்ச்சுமா? அப்ப பிரஷ்தான் ஒத்துக்கலையோ என்னமோ. மாத்திப் பாருங்க."

மகள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் இன்னொரு தினுசு வாங்கி, அட்டவணை போட்டேன். தலையின் நீளம், நார் வரிசை, கைப்பிடி வளைவு, கடைசிக் கட்டத்தில் 'உழைத்த நாட்கள்'. மூன்றாம் மாதம் அந்த அட்டவணையோடும் பழைய பிரஷ்ஷோடும் பி.க. முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை பழசு இல்லை என்று அவர் சொல்ல முடியாது.

"இருபத்தேழு நாள் ஆச்சு. ஒரு நார் வளையலை. நல்லா உழைக்குது. உங்ககிட்டயும் இதே தினுசு இருக்கு. ஆறு குடுங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டைவிரலால் தடவினார். நாரைப் பிரித்து அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்தார். மகள் ஷூ பிரஷ்ஷுகளைப் பார்த்தாள்.

"இது இல்ல சார்."

"உங்க பின்னாடியே தொங்குது."

"அது வேற ஆளுக்கு."

"பத்து தொங்குது."

"பத்தும் வேற ஆளுக்கு."

"ஏன், எனக்குக் குடுத்தா என்ன?"

அவர் என்னை விட்டுவிட்டு மகளிடம் கேட்டார். "ஆத்தா, நீ சொல்லு. இது நல்லா உழைக்குதா?"

"பஸ்ஸு போயிரும்ப்பா" என்றாள் மகள்.

அந்த அம்மாள் என் அட்டவணையை எடுத்தார். படிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதில் பிரஷ்ஷைச் சுருட்டி, ஒரு ரப்பர் பேண்டு போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கோடு போட்ட தாள் அது.

நான் விடவில்லை. சின்னமனூரில் இறங்கி அதே தினுசில் நான்கு வாங்கினேன். நான்காம் மாதம், வேண்டுமென்றேதான், அதில் ஒன்றை பி.க.விடம் கொண்டு போய்க் காட்டினேன். இருபத்தெட்டு நாள் ஆகியும் புதிதாக இருந்தது.

"இதுவுமா?" என்றார். மகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "தொடச்சு அட்டையில போட்டா புதுசுன்னு வித்துரலாம் சார்."

பிரஷ்ஷைப் பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். டைரியில் 'பி.க.வே ஒப்புக்கொண்டார்' என்று இருக்கிறது.

ஐந்தாம் மாதம் டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். ஈறு வீங்கிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கோரைப்பல்லிலும் பக்கத்துப் பல்லிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி இரண்டு புள்ளி.

"அடுத்த மாசமும் இப்படித்தான்னா கம்பியக் கழட்டிருவேன் சார். பாதியில கழட்டுனா பல்லு பழையபடி தள்ளிரும். ஆனா இத இப்படியே விட்டா பல்லே கெட்டுரும். என்னால பொறுப்பெடுக்க முடியாது."

மகள் எழுந்து வாயைத் துடைத்தாள். கிளிப்பு போட்ட அன்றைக்குக் கண்ணாடியில் எத்தனை தடவை பல்லைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். பத்தாவது முடிக்கும்போது எல்லாம் நேராகிவிடும் என்று தோழிகளிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

மாடிப்படி இறங்கும்போதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துப் பலகையில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட அடித்தேன் என்பது சரி.

"அஞ்சு தடவ வந்தாச்சு. எது நல்ல பிரஷ்ஷுன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லல. இப்பக் கம்பியவே கழட்டப் போறாங்க."

அவர் பிரஷ்ஷைத் தொடவில்லை. தூரத்தில் இருந்தே பார்த்தார்.

"சார், கிளிப்பு போட்ட வாயிக்குள்ள போற பிரஷ்ஷு அந்தக் கம்பியிலயும் பல்லுல ஒட்டுன கட்டையிலயும் மோதி மோதி ஒரு மாசத்துல பிஞ்சிரும். பிஞ்சாத்தான் அது தேய்ச்ச பிரஷ்ஷு. நல்லா உழைக்குது, நல்லா உழைக்குதுன்னு கொண்டாந்து காட்டுனீகளே, இது ஒரு நாளும் உழைக்கல சார். இது தண்ணியில நனைஞ்சிருக்கு. அம்புட்டுத்தான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் முதலில் நினைவுக்கு வந்தது நான் குப்பையில் போட்ட இருபது நாள் பிரஷ்தான்.

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டாந்தடவ இறுக்குனப்ப வலின்னு நாலு நாள் மெதுவாத் தேய்ச்சேன்ப்பா. பெறகு தொட்டா ரத்தம் வந்துச்சு. பயமா இருந்துச்சு. நீங்க வெளிய கடியாரத்தோட நிக்கிறீக. வலிக்குதுன்னு சொன்னா டயத்த எழுதுவீக. அதான் குழாயத் தொறந்து விட்டு நின்னேன்."

"பேஸ்ட் குறைஞ்சுதே?"

"பிதுக்கி ஊத்திருவேன்."

பஜாரில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்த அம்மாள் பக்கம் திரும்பினேன். மகள் மேல் காட்ட முடியாத கோபம் முழுதும் அங்கே போயிற்று.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இருவத்தேழு நாள்னு கொண்டாந்தீகளே, அன்னைக்கே."

"ஐம்பத்தாறு நாள் ஆச்சு. ஏன் சொல்லல?"

"நீங்க பிரஷ்ஷப் பத்தித்தான கேட்டீக."

இந்தப் பதிலோடு அவர் என் பேச்சை முடித்துவிட்டார். மகளைப் பலகையின் உள்பக்கம் கூப்பிட்டார்.

"இங்கன வா ஆத்தா. ரத்தம் வந்தா வரட்டும். அழுக்கு இருக்கிற வரைக்கும் வரும். விடாம மெதுவாத் தேய்ச்சா ஒரு வாரம் பத்து நாள்ல நின்னுரும். அப்பயும் நிக்கலைன்னா மாடி ஏறி டாக்டருகிட்ட நீயே கேளு, அப்பாவ விடாத. பாத்திரம் வெளக்குற மாதிரி வெளக்காத. சாச்சு வச்சு, ஈறோரமா ஆட்டு. இந்தா, இது பாட்டில் பிரஷ்ஷோட பிள்ளை. கம்பிக்கு அடியில விட்டு எடு."

பள்ளம் உள்ள பிரஷ் ஒன்றும், பல்லிடுக்கில் நுழைகிற குட்டிப் பிரஷ் ஒன்றும் கொடுத்தார். நான் ஸ்கேலில் அளந்து திருப்பிக் கொடுக்க வந்த அதே தினுசுதான் அந்தப் பள்ளப் பிரஷ்.

பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. பிறகு மகள் ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்க வெளிய நிக்கக் கூடாதுப்பா. எழுதவும் கூடாது." சரி என்றேன். அந்த நான்கு வாரமும் டைரியில் 'பல்' என்ற தலைப்புக்குக் கீழே எதுவும் இல்லை. தேதி மட்டும் போட்டு விட்டிருக்கிறேன். வெற்றிடத்தைப் பார்த்தால் எனக்குக் கை குறுகுறுக்கும். தினமும் காலையில் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்தும் குழாய்ச் சத்தம் கேட்டது. குழாய் ஓடுகிறதே என்று ஒரு பயம். குழாய் நின்றுவிட்டதே என்று இன்னொரு பயம். என் மனைவி ஒரு நாள் கரண்டியைக் கையில் கொடுத்து, "சும்மா நிக்கிறதுக்கு இதக் கிண்டுங்க" என்றாள்.

நான்காவது சனிக்கிழமை டாக்டர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈறு இறங்கியிருந்தது. "என்ன மாத்துனீங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் மகள், "பிரஷ் சார்" என்றாள். கம்பி தப்பியது.

கீழே இறங்கினோம். அந்த அம்மாள் வாயைத் திறக்கும் முன்னே மகள் தன் பையிலிருந்து பழசை எடுத்து நீட்டினாள். முதல் தடவை சட்டையைப் பிடித்து இழுத்தவள். நார் எல்லாம் விரிந்து, ஒரு ஓரம் மடிந்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இருபத்தெட்டு நாள்தான் ஆகிறது என்று என் வாயில் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவர் கட்டைவிரலால் தடவினார். "எந்தத் தெருவுல போட்டுப் பெருக்குன ஆத்தா?" என்றார்.

மகள் சிரித்தாள். கையால் வாயை மூடவில்லை. அந்த அம்மாள் பழசைத் தன் பக்கம் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பார்க்காமலே பின்னால் கையை விட்டு அதே தினுசில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு நான் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொள்வேன், மகள் மட்டும் கடைக்குப் போய் வருவாள்.

மொத்தம் இருபத்திரண்டு மாதம் கழித்துக் கிளிப்பைக் கழற்றினார்கள். பல் வரிசையில் ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டு புள்ளி மட்டும் மங்கியதே தவிரப் போகவில்லை. மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது, கோயம்புத்தூரில் வேலை. அவள் அதைக் கவனிப்பதே இல்லை. நான் கவனிக்கிறேன். அவள் சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் ஐம்பத்தாறு நாள் என்று மனதுக்குள் ஓடுகிறது. தெரிந்த அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால் புள்ளி விழாமல் இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்லியிருந்தால் நான் மகளிடம் எப்படி நடந்துகொண்டிருப்பேன் என்று என் மனைவி கேட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியை பி.க.விடமே இன்னொரு தடவை, கோபம் இல்லாமல், கேட்டுவிட வேண்டும் என்று பல வருடமாக எண்ணம். போன மாதம் அலுவலக வேலையாகத் தேனிக்குப் போக வேண்டியிருந்தது. பழசு இல்லாமல் போனால் பேச்சுக்கொடுக்க மாட்டார். அதனால் நான் தேய்க்கிற பிரஷ்ஷையே தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நார் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து என்னைப் பற்றி என்ன சொல்வாரோ என்றுகூட வழியில் யோசித்தேன்.

அதே பத்தடிக்கு ஆறடி. சுவர் முழுக்க மொபைல் கவர் தொங்கியது. முன்பு கடை வைத்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று அங்கே இருந்தவருக்குத் தெரியவில்லை. அவர் வந்தே நான்கு வருடம் ஆகிறதாம். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எந்த மாடல் சார்?" என்று கேட்டார்.

பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த பிரஷ்ஷை உள்ளே தள்ளிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.